லினக்ஸ் கணினியில் எது அவசியம், எதை எடுத்துவிடலாம்: டெபியன் குடும்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியனோ லினக்ஸ் மின்டோ நிறுவி முடித்ததும் பேக்கேஜ் (மென்பொருள் கட்டு) பட்டியலைத் திறந்தால் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் வரிசையாக வரும். பாதிப் பெயர் புரியாது. ‘இதில் எனக்கு எது வேண்டும்?’ என்று எல்லாருக்கும் தோன்றும். பலர் ‘இதை நான் திறந்ததே இல்லையே’ என்று பார்த்துப் பார்த்து நீக்கத் தொடங்குவார்கள். கணினி கெடுவது அங்கேதான். வைஃபை சிப் இயங்கத் தேவையான நிரலான ஃபர்ம்வேரை யாரும் திறப்பதில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் பூட்லோடரை யாரும் சொடுக்குவதில்லை.

அவசியம் எது என்று தீர்மானிக்க இந்த ஒரு கேள்வி போதும்: இது போய்விட்டால், இதே கணினியை வைத்தே இதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? லிப்ரே ஆஃபீஸை நீக்கிவிட்டு நாளை தேவைப்பட்டால் ஒரு கட்டளையில் மறுபடி வந்துவிடும். வைஃபை ஃபர்ம்வேரை நீக்கினால், அதைத் தரவிறக்கவே வைஃபை வேண்டும். முதலாவது உங்கள் வேலைக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் தைரியமாக நீக்கிப் பார்க்கலாம். இரண்டாவதைத் தொடக்கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க இந்தப் பிரிவினையை வைத்தே போகிறது.

இங்கே சொல்வது டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் மூன்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டவும்.

முதல் படி: திரும்பி வரும் வழி

எதையும் நீக்கும் முன் மூன்று ஏற்பாடுகள்.

ஒன்று, டைம்ஷிஃப்ட் என்ற செயலி கொண்டு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது இயங்குதளத்தின் இப்போதைய நிலையின் நகல். வட்டு எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இருந்தால் ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட இயங்குதளம் முழுவதின் அளவு இடம் பிடிக்கும், எனவே 15 முதல் 20 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் அடைவைச் சேர்ப்பதில்லை. உங்கள் ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தனியாக ஒரு நகல் வேண்டும்.

இரண்டு, பேக்கேஜ்களை நிறுவும், நீக்கும் கருவியான ஆப்ட்டைக் கொண்டு ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ என்று இயக்கி, வருவதை ஒரு உரைக்கோப்பாகச் சேமித்து வையுங்கள். நிறுவும்போதே அடிப்படையாக வந்தவையும், பிறகு நீங்கள் கேட்டு நிறுவியவையும் இதில் இருக்கும். சார்புக்காக, அதாவது வேறொரு பேக்கேஜுக்குத் தேவை என்பதால், தானாக உள்ளே வந்தவை இருக்காது. இதை மின்னஞ்சலிலோ ஃபோனிலோ வைத்தால் நல்லது.

மூன்று, நிறுவாமலே லினக்ஸ் ஓடும் ஒரு லைவ் பென்டிரைவும் ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனும் அதன் யூஎஸ்பி கேபிளும். ஃபோனில் யூஎஸ்பி டெதரிங் போட்டால் கணினி அதை ஒரு ஈதர்நெட் கார்டாகப் பார்க்கும். அதற்கான டிரைவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் வேண்டாம். வைஃபை போனாலும் இணையத்துக்கு இந்த வழி மிஞ்சும். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா கடத்தாது. இப்போதே இணைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். சிக்கல் வந்த பிறகு சோதித்துப் பயனில்லை.

இரண்டாம் படி: ஆப்ட்டுக்கே தெரிந்த அவசியங்கள்

டெபியன் சில பேக்கேஜ்களுக்கு ‘எசென்ஷியல்’ என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறது. இருபது சொச்சம்தான். பாஷ், டேஷ், கோர்யூட்டில்ஸ், டிபிகேஜி, கிரெப், செட், டார், ஜிஜிப், யூட்டில்-லினக்ஸ், பெர்ல்-பேஸ் போன்றவை. பிற பேக்கேஜ்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் இவை எப்போதும் இருக்கும் என்று நம்பித்தான் எழுதப்படுகின்றன. பெர்ல்-பேஸை நீக்கினால் உங்கள் பெர்ல் நிரல் மட்டும் நிற்பதில்லை, பேக்கேஜ் நிறுவுவதே தடுமாறும்.

இவற்றை நீக்கும் நிலை வந்தால் ஆப்ட் எச்சரிக்கும். முன்பெல்லாம் ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டினால் நீக்கிவிடும். 2021இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் (விளையாட்டுச் செயலி) நிறுவப்போன ஒரு பிரபல யூடியூபர் அந்த வாக்கியத்தைத் தட்டினார். டெஸ்க்டாப் முழுவதும் போய்விட்டது. ஸ்டீம் பேக்கேஜின் சார்புகளில் அப்போது ஒரு முரண் இருந்தது. எச்சரிக்கை திரையில் வந்தது, ஆனால் நீளமான பட்டியலுக்கு நடுவே அதை யாரும் படிப்பதில்லை. அதன் பிறகு வந்த ஆப்ட் பதிப்புகளில் வாக்கியத்தைத் தட்டினால் போதாது, கட்டளையிலேயே வெளிப்படையான ஒரு அனுமதிக் கொடி தரவேண்டும்.

இங்கிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போது மட்டும் அல்ல, நிறுவும்போதும் ‘ரிமூவ்டு’ (புதிய பதிப்புகளில் ‘ரிமூவிங்’) என்ற தலைப்பின் கீழ் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். இரண்டு பெயர் எதிர்பார்த்த இடத்தில் நாற்பது வந்தால் ‘என்’ தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆப்ட்டுக்குத் தெரியாத அவசியங்கள்

வழிகாட்டியின் உயிர்ப்பகுதி இதுதான். எசென்ஷியல் முத்திரைக்கு உங்கள் வன்பொருள் தெரியாது. உங்கள் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா, வைஃபை சிப் எந்த நிறுவனத்தது என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. எனவே கீழே வருபவை எதற்கும் பெரும்பாலும் அந்த முத்திரை இல்லை. இருந்தும் இவை போனால் திரும்பி வருவது கடினம்.

ஃபர்ம்வேரில் தொடங்கலாம். பேக்கேஜ் தரவுத்தளத்தில் பார்த்தால் ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’ என்ற பேக்கேஜை எதுவுமே சார்ந்திருக்காது. அனாதையாக, பயனற்றதாகத் தெரியும். ஆனால் இன்டெல் வைஃபை சிப் அதை உள்ளே ஏற்றிக்கொண்டுதான் உயிர்பெறுகிறது. உங்கள் கணினிக்கு எது வேண்டும் என்று அறிய, ‘எல்எஸ்பிசிஐ -கே’ இயக்குங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரிக்குக் கீழே எந்த கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். பிறகு ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால் எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்பதும் தெரியும். கோப்பின் பெயரை ‘டிபிகேஜி -எஸ்’ (பெரிய எழுத்து எஸ்) கட்டளைக்குக் கொடுத்தால் அது எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று சொல்லும். இந்த மூன்று நிமிட வேலையைச் செய்தபின், உங்கள் சிப்புக்குச் சம்பந்தமில்லாத மற்ற ஃபர்ம்வேர் பேக்கேஜ்களை டெபியனில் நீக்கலாம். உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ ஒரே பெரிய கட்டாக வருகிறது என்றால் அதைப் பிரிக்க முயலாமல் விட்டுவிடுங்கள்.

இன்டெல் அல்லது ஏஎம்டி மைக்ரோகோடு பேக்கேஜ் செயலியின் பிழைதிருத்தங்களைக் கொண்டுவருவது. சிறியது. இருக்கட்டும்.

அடுத்தது டிகேஎம்எஸ், டிரைவர்களைக் கெர்னலுக்கு ஏற்பத் தானே கட்டும் கருவி. சில பிராட்காம், ரியல்டெக் வைஃபை டிரைவர்களும் என்விடியா டிரைவரும் கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணினியிலேயே மறுபடி கம்பைல் ஆகின்றன. ‘நான் நிரலாளர் இல்லை, ஜிசிசி எனக்கு எதற்கு’ என்று ஜிசிசி கம்பைலரையும் கெர்னல் ஹெடர்களையும் நீக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மூன்று வாரம் கழித்துக் கெர்னல் அப்டேட் வரும், கணினியை மறுபடி தொடங்குவீர்கள், வைஃபை இருக்காது. காரணம் மூன்று வாரத்துக்கு முந்தியது என்பதால் யாருக்கும் பிடிபடாது. முதலில் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ இயக்குங்கள். ஏதாவது வரி வந்தால் அந்தக் கம்பைலர் கருவிகள் உங்களுக்கு அவசியம். வெறுமையாக வந்தாலோ, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றாலோ, அந்தக் காரணத்துக்காக அவற்றை வைத்திருக்க வேண்டியதில்லை.

வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் ‘கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ்’, எல்விஎம் (வட்டுப் பகுதிகளை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை) பகிர்வு என்றால் ‘எல்விஎம்2’. இவை இரண்டும் கணினி தொடங்கும் முதல் விநாடிகளில் வட்டைத் திறக்கின்றன. இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்கும் திரையே வராது, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். கிரப்புக்கும், யூஈஎஃப்ஐ (பயோஸுக்குப் பின் வந்த தொடக்க முறை) கணினியானால் ஷிம், ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் ஆகிய தொடக்கக் கருவிகளுக்கும் இதே விதி.

நிர்வாகி (ரூட்) உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோ தன்னைத்தானே கொஞ்சம் காத்துக்கொள்ளும். ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லாத கணினியில் அதை நீக்கப் பார்த்தால் அதன் ஸ்கிரிப்டே மறுத்து நின்றுவிடும். இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

கடைசியாகப் பைத்தான்3. புதிய பதிப்பு வேண்டும் என்று பழையதை நீக்குவது உபுண்டுவில் அடிக்கடி நடக்கும் விபத்து. இதற்கும் எசென்ஷியல் முத்திரை கிடையாது. ஆனால் அப்டேட் கருவிகள், பல அமைப்பு நிரல்கள், டெஸ்க்டாப்பின் சில பகுதிகள் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. அதோடு சேர்ந்து அவையும் போகும். புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதின் பக்கத்தில் நிறுவுங்கள், அல்லது விர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தின் பைத்தானை மாற்றவே வேண்டாம்.

நான்காம் படி: மேலிருந்து குறைப்பது

ஆயிரம் பேக்கேஜையும் ஆராய வேண்டாம். நீங்கள் சேமித்த ஷோமேனுவல் பட்டியலைத் திறந்து அதில் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். மற்றவை இவற்றின் வாலைப் பிடித்து வந்தவை. மேலே இருப்பது போனால், வேறு எதுவும் பிடித்திருக்காதவை ‘ஆட்டோரிமூவ்’ செய்யும்போது தானே போகும். ‘லிப்’ என்று தொடங்கும் லைப்ரரிகளை நேரடியாகக் கைவைத்து நீக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு.

ஒரு பெயர் புரியவில்லை என்றால் ‘ஆப்ட் ஷோ’ விளக்கம் தரும். யார் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய ‘ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ் --இன்ஸ்டால்டு’. ஆப்டிட்யூட் நிறுவியிருந்தால் ‘ஆப்டிட்யூட் வை’ இன்னும் தெளிவாகச் சங்கிலி முழுவதையும் காட்டும். பிறகு ‘ஆப்ட் ரிமூவ் --சிமுலேட்’. இது எதையும் நீக்காது, நீக்கினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும், டெபியனிலும் உபுண்டுவிலும் சூடோவும் கேட்காது. ஒவ்வொரு முறையும் இதை ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான கட்டளை.

மெட்டாபேக்கேஜ் பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘க்னோம்’, ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ போன்றவற்றுக்குள் நிரல் எதுவும் இல்லை, பிற பேக்கேஜ்களின் பெயர்ப்பட்டியல்தான். நீங்கள் ஒரு மின்னஞ்சல் செயலியை நீக்கப் போகிறீர்கள். அந்த மெட்டாபேக்கேஜ் அதைக் கட்டாயச் சார்பாக வைத்திருந்தால், ஆப்ட் ‘க்னோமையும் நீக்குவேன்’ என்று காட்டும். அதில் ஆபத்தில்லை. அடுத்து நீங்கள் ‘ஆட்டோரிமூவ்’ போடும்போதுதான் ஆபத்து. டெஸ்க்டாப்பைப் பிடித்திருந்த கை விலகிவிட்டதால், ஃபைல் மேனேஜர் முதல் லாகின் திரை வரை எல்லாம் கேட்பாரற்றவையாகத் தெரியலாம். முறையாக மெட்டாபேக்கேஜ் பிரிவில் உள்ளவற்றை நீக்கும்போது ஆப்ட் அவற்றின் நேரடி உறுப்புகளைக் கையால் நிறுவியதாகக் குறித்துக் காப்பாற்றும். எல்லாத் தொகுப்பும் அந்தப் பிரிவில் இருப்பதில்லை, அதை நம்பி இறங்க வேண்டாம். முன்கூட்டியே ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று தட்டி, டெஸ்க்டாப் ஷெல், லாகின் மேனேஜர் (ஜிடிஎம்3 அல்லது லைட்டிஎம்), ஃபைல் மேனேஜர், டெர்மினல், நெட்வொர்க்மேனேஜர், ஒலிக்கான பைப்வயர், வயர்பிளம்பர் ஆகியவற்றின் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின் மெட்டாபேக்கேஜ் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரே நேரத்தில் மூன்று, நான்குக்கு மேல் நீக்காதீர்கள். நீக்கியதும் மறுதொடக்கம் செய்து, வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிப்பது, பென்டிரைவ் திறப்பது இந்த நான்கையும் பாருங்கள். முப்பதை ஒன்றாக நீக்கிவிட்டு ஒலி போனால் எதனால் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும்.

ஐந்தாம் படி: வேகம் வேண்டுமென்றால் பார்க்கவேண்டிய இடம் வேறு

வட்டில் சும்மா கிடக்கும் மென்பொருள் கணினியை மெதுவாக்காது. பத்து விளையாட்டுகளை நீக்கினாலும் ரேம் ஒரு எம்பிகூட மிச்சமாகாது. மெதுவாக்குவது, தொடங்கும்போதே எழுந்து பின்னணியில் ஓடுபவை. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --ஸ்டேட்=எனேபிள்டு’ என்று கேட்டால் அவற்றின் பட்டியல் வரும். இங்கே நீக்குவதைவிட ‘சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நௌ’ என்று நிறுத்துவது மேல். தேவைப்பட்டால் ‘எனேபிள்’ போட்டால் போதும், சார்புச் சங்கிலி எதுவும் அறுவதில்லை.

பிரிண்டர் இல்லையா? அச்சிடும் சேவையான கப்ஸும், வலையில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டும் வேண்டாம். கப்ஸ்-பிரவுஸ்ட் யூடிபி 631 போர்ட்டில் (வலைக்கான நுழைவாயில்) எல்லாப் பக்கமும் காது வைத்துக் காத்திருந்ததை வைத்து வெளியிலிருந்து நிரல் ஓட்ட முடியும் என்ற ஓட்டை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பிரிண்டர் இருந்தாலும் யூஎஸ்பியில் நேராக இணைத்திருந்தால் கப்ஸ் போதும், பிரவுஸ்ட் தேவையில்லை. மோடம்மேனேஜர் சிம் போடும் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அவாஹி உள்வலையில் பிரிண்டர் போன்றவற்றைத் தானே கண்டுபிடிக்க உதவுவது, 5353 போர்ட். ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் வெளியிலிருந்து இந்தக் கணினிக்குள் நுழையும் வேலை இருந்தால் மட்டும். உங்கள் கணினியில் எந்த நிரல் எந்த போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்று ‘சூடோ எஸ்எஸ் -டியூஎல்பிஎன்’ காட்டும். புரியாத ஒரு பெயர் அங்கே இருந்தால் ஆராயாமல் விடாதீர்கள்.

தொடக்கம் தாமதமாகிறது என்றால் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ எல்லாரும் பார்ப்பது. அது ஏமாற்றும், பல சேவைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் மேலே இருப்பதுதான் குற்றவாளி என்று சொல்லமுடியாது. ‘கிரிட்டிகல்-செயின்’ சேர்த்துப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் அதில் பல விநாடி எடுத்தால், தொடக்கத்திலேயே வலைவழி வட்டு எதையும் இணைக்காதவர்கள் அதை நிறுத்திவிடலாம்.

ஆறாம் படி: இடம் வேண்டுமென்றால்

இடத்தைத் தின்பது பெரும்பாலும் செயலிகள் அல்ல. டெபியனில் ஒரு கெர்னல் பேக்கேஜே நூற்றுக்கணக்கான எம்பி வரை போகலாம். இப்போது ஓடுவதையும் (‘யூநேம் -ஆர்’ சொல்லும்) அதற்கு முந்தையதையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆட்டோரிமூவ் வழியே விடுங்கள். பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. பேக்கேஜ் கணக்கில் அவை இருப்பதாகவே இருக்கும், அடுத்த அப்டேட் பாதியில் உடையும். ‘ஆப்ட் கிளீன்’ தரவிறக்கிய பேக்கேஜ் கோப்புகளை அழிக்கும். சிஸ்டம்டி ஜர்னல் (கணினியின் நிகழ்வுப் பதிவேடு) இயல்பாக 4 ஜிபி வரை வளரலாம்; ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ போதும். ஃபிளாட்பேக் (தனிக் கட்டாக வரும்) செயலிகளை நீக்கியபின் அவற்றின் ரன்டைம்கள் (துணை லைப்ரரிகள்) தங்கிவிடும், ‘ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு’ போடுங்கள். ஒரே செயலி டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக் என மூன்று வடிவிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழாம் படி: உங்கள் வேலையின் அவசியங்கள்

இது ஒவ்வொருவருக்கும் வேறு. ஒரு மாதம் தாள் ஒன்றில் நீங்கள் திறக்கும் செயலிகளை எழுதிவாருங்கள். அந்த மாதம் முடியும்வரை தயங்கும் எதையும் நீக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் ஸ்கேனர் மென்பொருள் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

திறக்காமலே வேலை செய்பவற்றையும் அந்தத் தாளில் சேருங்கள். பாலிசிகிட் ஏஜென்ட் இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றாமலே வேலை தோற்கும். எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் இல்லாவிட்டால் வேலண்ட் என்ற திரை அமைப்பில் வீடியோ கூட்டத்தின்போது திரையைப் பகிர முடியாது. ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் போனால் ஆண்ட்ராய்டு ஃபோனின் படங்கள் ஃபைல் மேனேஜரில் தெரியாது.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொன்று. ‘இத்தனை எழுத்துரு எதற்கு’ என்று நோட்டோ, லோஹித் பேக்கேஜ்களை மொத்தமாக நீக்கினால் இணையப் பக்கங்களில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாகிவிடும். ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ என்று கேட்டால் தமிழ் எழுத்துள்ள எழுத்துருக்கள் மட்டும் வரும். அதில் ஒன்றாவது தங்கவேண்டும். தடித்த வடிவமும் இருப்பது நல்லது. தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் வைத்திருப்பவர்கள் எம்17என்-டிபியையும் காத்துக்கொள்ளுங்கள். தமிழ்99, ஃபொனெடிக் விசைப்பலகை விதிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

தவறிப்போனால்

திரை வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரையில் லாகின் கேட்கும். என்ன நீக்கினோம் என்பது ‘வார்’ அடைவின் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பில் தேதி, நேரத்தோடு இருக்கும். ஃபோனை டெதரிங்கில் இணைத்து, பாதியில் நின்றதை ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ இரண்டாலும் முடித்துவிட்டு, கோப்பில் கண்ட பெயர்களை மறுபடி நிறுவுங்கள். நெட்வொர்க்மேனேஜரும் போயிருந்தால் ஃபோன் இணைந்தும் முகவரி கிடைக்காது. முகவரி வாங்கித்தரும் டிஹெச்சிபி கிளையன்ட் இருந்தால் அதைக் கையால் இயக்குங்கள், இல்லாவிட்டால் லைவ் பென்டிரைவ்தான் வழி.

கணினியே தொடங்காவிட்டாலும் லைவ் பென்டிரைவில்தான் ஏறவேண்டும். முதலில் டைம்ஷிஃப்டைத் திறந்து ஸ்னாப்ஷாட்டை மீட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஸ்னாப்ஷாட் இல்லாதவர்கள் குறியாக்கம் இருந்தால் வட்டைத் திறந்து, ரூட் பகிர்வை ‘எம்என்டி’ அடைவில் ஏற்றி, பூட் பகிர்வும் ஈஎஃப்ஐ பகிர்வும் தனியாக இருந்தால் அவற்றையும் அவற்றின் இடத்தில் ஏற்றுங்கள். பிறகு ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’, ‘ரன்’ நான்கையும் பைண்ட் முறையில் இணைத்து ‘சிரூட்’ செய்து வட்டில் உள்ள உங்கள் இயங்குதளத்துக்கு உள்ளே போங்கள். விடுபட்ட பேக்கேஜை நிறுவியதும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்’, ‘அப்டேட்-கிரப்’ இரண்டையும் இந்த வரிசையிலேயே ஓட்டி, பிழைச்செய்தி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே வெளியே வந்து மறுதொடக்கம் செய்யுங்கள்.